ஊர் மாறும் குடும்பங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மக்கள் கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போவது கூலி அதிகம் என்பதற்காக மட்டும்தானா? நகரத்தில் வேலை கிடைக்காமல் அலைகிறவர்களைக் கண்ணால் கண்ட பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்களே, இவர்களுக்குக் கணக்குத் தெரியாதா?
— பொருளாதாரம் பயிலும் மாணவி ஒருவர்

பதில்: நன்றாகவே தெரியும். அந்தக் கணக்கை ஏட்டில் எழுதிக் காட்டுவதற்குத்தான் பொருளாதார அறிஞர்களுக்கு நெடுநாள் பிடித்தது. மைக்கேல் டொடாரோ 1969-இலும், ஜான் ஹாரிஸுடன் சேர்ந்து 1970-இலும் எழுதிய கட்டுரைகள் இதைத் தெளிவாக்கின. கிராமத்தில் உறுதியாகக் கிடைக்கும் கூலி 100 என்றும், நகரத்தில் நிலையான வேலைக்குரிய கூலி 200 என்றும், அந்த வேலை அமைவதற்கான வாய்ப்பு 10-க்கு 6 என்றும் வைத்துக்கொண்டால், நகரத்தில் எதிர்பார்க்கத்தக்க வரும்படி 120 ஆகிறது. பத்துப் பேரில் நால்வர் வேலையின்றித் திரிவதைப் பார்த்துக்கொண்டே பதினோராவது ஆள் பேருந்து ஏறுவதில் மதியீனம் எதுவும் இல்லை. இதிலிருந்து அரசுகளுக்கு உவப்பில்லாத ஒரு முடிவும் பிறக்கிறது. நகரத்தில் மட்டும் வேலைகளைப் பெருக்கினால் வாய்ப்பு கூடுகிறது. வாய்ப்பு கூடினால் வருகிறவர்களும் கூடுகிறார்கள். இறுதியில் வேலையில்லாதோர் தொகை முன்னிலும் பெரிதாகிவிடக்கூடும்.

ஆனால் இந்தக் கணக்கு ஒருவரைத் தனி ஆளாக வைத்துப் போடப்பட்டது என்பது அதன் பெரிய குறை. பெரும்பாலான இடப்பெயர்வுகளில் முடிவெடுப்பது குடும்பம். 1980-களில் ஓடெட் ஸ்டார்க்கும் அவருடன் எழுதியவர்களும் இந்தப் பக்கத்தை எடுத்துப் பேசினார்கள். மழையை நம்பிய நிலத்தில் ஒரு மகன், தொழிற்சாலையில் ஒரு மகன் என்று ஆட்களைப் பிரித்து வைக்கும் குடும்பம், இரண்டு வரும்படியும் ஒரே ஆண்டில் ஒருசேர அற்றுப்போகாதபடி பார்த்துக்கொள்கிறது. பயிர்க் காப்பீடும் வங்கிக் கடனும் எட்டாத இடத்தில் இந்தப் பங்கீடுதான் காப்பீடு. மார்க் ரோசன்ஸ்வைக்குடன் சேர்ந்து ஸ்டார்க் 1989-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. இந்தியக் கிராமங்களில் மகள்களைத் தொலைவான ஊர்களில் மணமுடித்துக் கொடுத்த வேளாண் குடும்பங்களில், விளைச்சல் ஏறி இறங்கினாலும் வீட்டுச் செலவு அந்த அளவுக்கு ஏறி இறங்கவில்லை என்று அது கண்டது. ஒரே மேகத்தை நம்பாத சம்பந்திகள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கிறார்கள். பெண்களின் திருமண இடப்பெயர்வைப் பொருளாதாரம் சாராத ஒன்றென்று ஒதுக்கி வைத்திருந்த கணக்கெடுப்பு அட்டவணைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும்.

போனால் நன்மை உண்டு என்று தெரிந்தும் போகாமல் இருப்பவர்களையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியில் நடவுக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்கள் பஞ்ச காலம். 2008-இல் ஆய்வாளர்கள் அங்குள்ள ஏழைக் குடும்பங்கள் சிலவற்றுக்கு, வெளியூர் சென்று வேலை தேடவேண்டும் என்ற நிபந்தனையோடு, ஏறத்தாழ எட்டரை டாலர் அளவில் வழிச்செலவு கொடுத்தார்கள். அந்தச் சிறு தொகையினால் 22 விழுக்காட்டுக் குடும்பங்கள் கூடுதலாக ஓர் ஆளை அனுப்பின. வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு மேம்பட்டது. மறு ஆண்டு பணம் கொடுக்காதபோதும் பலர் தாமாகவே கிளம்பினார்கள். விளிம்பில் வாழும் குடும்பத்துக்கு ஒரு பயணம் வீணாவதே பட்டினி என்பதால், முதல் முறை துணிவது அவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது. பின்னாளில் இதே திட்டத்தை மிகப் பெரிய அளவில் விரித்தபோது முதலில் கண்ட பலன் கிட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நேர்மை.

கேள்வி: இடப்பெயர்வுக்கு விதிகள் உண்டு என்று எங்கோ படித்தேன். மனிதர்கள் தம் விருப்பம்போல் செய்யும் காரியத்துக்கு விதி எப்படி இருக்க முடியும்?
— நூலகர் ஒருவர்

பதில்: இதே ஐயம் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. பிரித்தானியப் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் இடப்பெயர்வு திட்டமான விதி எதற்கும் கட்டுப்படுவதாகத் தெரியவில்லை என்று கருத்துரைத்தார். அதற்கு விடையாக, ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய ராவென்ஸ்டைன் என்ற புவியியலாளர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவான பிறந்த இடத்தையும் வாழும் இடத்தையும் ஒப்பிட்டு 1885-இல் ஒரு கட்டுரை எழுதினார். இயற்பியல் விதிகளைப் போன்றவை அல்ல அவர் சொன்னவை. திரளாகப் பார்க்கும்போது தெரியும் ஒழுங்குகள். பெரும்பாலோர் குறுகிய தொலைவே நகர்கிறார்கள். பெருநகரத்தை ஒட்டிய ஊர்களிலிருந்து ஆட்கள் நகரத்துக்குள் போக, அவர்கள் விட்ட இடத்தை இன்னும் உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களின் மக்கள் வந்து நிரப்புகிறார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு. குறுகிய தொலைவில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இடம் மாறுகிறார்கள்.

இவற்றில் எதிரோட்டம் என்பதுதான் இன்றும் மிகுதியாக மறக்கப்படுகிறது. ஒரு நகரம் ஓராண்டில் பத்தாயிரம் பேரால் பெருகிற்று என்றால் பத்தாயிரம் பேர் வந்தார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் லட்சம் பேர் வந்து தொண்ணூறாயிரம் பேர் வெளியேறியிருக்கலாம். செய்தியில் இடம்பெறுவது மிச்சம் மட்டுமே. வந்து, தங்கிப் பார்த்து, சரிப்படாமல் திரும்பியவர்களின் கதை அந்த மிச்சத்துக்குள் மறைந்துபோகிறது.

கேள்வி: எந்த வயதினர் அதிகம் இடம் மாறுகிறார்கள்?
— கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: உங்கள் வயதினர்தாம். ஆண்ட்ரே ராஜர்ஸ், லூயிஸ் காஸ்ட்ரோ இருவரும் 1981-இல் பல நாடுகளின் தரவுகளை வயதுவாரியாக வரைந்து பார்த்தபோது, நாடு எதுவானாலும் வளைகோட்டின் வடிவம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கைக்குழந்தைகளிடம் விகிதம் உயர்ந்திருக்கும், ஏனெனில் அவர்களின் பெற்றோர் இளையவர்கள். பள்ளிப் பருவத்தில் சரியும். இருபதுகளின் முற்பகுதியில் உச்சத்தைத் தொடும். பிறகு மெல்ல இறங்கும். சில நாடுகளில் ஓய்வு பெறும் வயதில் மட்டும் ஒரு சிறு மேடு தெரியும். ஊர் காலியாகிறது என்று சொல்லும்போது காலியாவது ஒரு வயதுப் பிரிவு. அதனால்தான் ஒரு கிராமத்தில் மக்கள்தொகை சற்றே குறைவதற்குள் பள்ளி மூடப்பட்டுவிடுகிறது.

கேள்வி: நகரத்தின் நடுவில் சிறிய வீட்டில் இருந்தோம். பிள்ளைகள் பிறந்த பிறகு புறநகரில் பெரிய வீடு வாங்கிக் குடியேறினோம். இப்போது நானும் என் மனைவியும் நாளில் பெரும்பகுதியைச் சாலையில் கழிக்கிறோம். எங்களைப் போலப் பலரும் தெரிந்தே இதைத் தேர்ந்தெடுப்பது ஏன்?
— அலுவலர் ஒருவர்

பதில்: உங்கள் கேள்வியின் முதற்பாதிக்கு விடை 1955-லேயே கிடைத்துவிட்டது. சமூகவியலாளர் பீட்டர் ராசி, ஃபிலடெல்ஃபியா நகரத்துக் குடும்பங்களை விசாரித்து, அவர்கள் வீடு மாறியதற்குத் தலையாய காரணம் குடும்பத்தின் அளவும் அமைப்பும் மாறியதுதான் என்று காட்டினார். திருமணம், முதற்குழந்தை, இரண்டாம் குழந்தை, பிள்ளைகள் வெளியேறுதல், துணையின் இறப்பு என ஒவ்வொரு திருப்பத்திலும் வீடு பொருந்தாமல் போகிறது. தெருவையோ அண்டை வீட்டாரையோ பிடிக்காமல் கிளம்புகிறவர்களைவிட, அறை போதாமல் கிளம்புகிறவர்கள் அதிகம்.

அறை போதவில்லை என்றால் ஏன் புறநகர்? வில்லியம் அலோன்சோ 1964-இல் வகுத்த மாதிரி இதைச் சொல்கிறது. வேலைகள் குவிந்திருக்கும் நடுவிடத்தை நெருங்க நெருங்க நிலத்தின் விலை ஏறும். விலகிச் செல்லச் செல்லப் பயணச் செலவு ஏறும். ஒவ்வொரு குடும்பமும் இந்த இரண்டுக்கும் நடுவில் தனக்குக் கட்டுப்படியாகும் புள்ளியைத் தேடுகிறது. இடம் அதிகம் வேண்டியவர்கள், அதாவது பிள்ளை பெற்றவர்கள், விலகிப் போகிறார்கள். தனியாள்களும் இளம் தம்பதியரும் சதுர அடியைத் தியாகம் செய்து நேரத்தை மிச்சப்படுத்திக்கொள்கிறார்கள். பள்ளியையும் இதில் சேர்க்க வேண்டும். சாண்ட்ரா பிளாக் 1999-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பள்ளி எல்லைக் கோட்டின் இரு பக்கமும் இருந்த வீடுகளை ஒப்பிட்டபோது, தேர்ச்சி மேலான பள்ளியின் பக்கம் இருந்த வீடுகளுக்குப் பெற்றோர் கூடுதல் விலை கொடுத்திருந்தது தெரிந்தது. வீடு வாங்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு பலரும் பள்ளியில் இடம் வாங்குகிறார்கள்.

பயணத்தைப் பற்றிய பகுதி சற்றே விந்தையானது. இத்தாலிய இயற்பியலாளர் சீசரே மார்கெட்டி 1994-இல் எழுதிய கட்டுரையில், மனிதர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் பயணத்துக்குச் செலவிடுகிறார்கள் என்றும், ஊர்தி எவ்வளவு வேகமானாலும் இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை என்றும் வாதிட்டார். மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கிறவர் அரை மணியில் எட்டும் எல்லை இரண்டரைக் கிலோமீட்டர். நடந்தே வாழ்ந்த காலத்து நகரங்கள் பலவும் அந்த அளவுக்குள் அடங்கின. தொடர்வண்டியும் காரும் வந்தபோது மிச்சமான நேரத்தை யாரும் கையில் வைத்துக்கொள்ளவில்லை. இன்னும் தள்ளிப்போய்க் குடியேறினார்கள். புதிய சாலை போட்டால் நெரிசல் தீரும் என்ற நம்பிக்கை அடிக்கடி பொய்த்துப்போவதற்கும் இதுவே காரணம் என்று கருதுகிறேன். மார்கெட்டி சொன்னது சராசரி; நீங்கள் இருவரும் அந்தச் சராசரிக்கு மேலே இருக்கிறீர்கள்.

அலோன்சோவின் மாதிரி சரியென்றால், நெடுந்தொலைவு பயணம் செய்கிறவர் பெரிய வீட்டாலோ கூடுதல் ஊதியத்தாலோ அதற்கு ஈடு பெற்று, அருகில் வாழ்பவருக்கு நிகரான நிறைவோடு இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த புரூனோ ஃப்ரையும் அலோய்ஸ் ஸ்டட்சரும் ஜெர்மானியக் குடும்பங்களின் பல்லாண்டுத் தரவுகளைக் கொண்டு இதைச் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். பயண நேரம் கூடக்கூட வாழ்க்கை நிறைவு குறைந்தே காணப்பட்டது. ஈடு முழுமையாகக் கிடைக்கவில்லை. வீடு பார்க்கப் போகும் நாளில் கூடத்தின் அகலம் கண்ணில் படுகிறது. அடுத்த பல ஆண்டுகளின் சாலை நெரிசல் அன்று கண்ணில் படுவதில்லை. அகலமான கூடம் சில மாதங்களில் பழகிவிடுகிறது, நெரிசல் பழகுவதில்லை. போதாக்குறைக்கு இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இரண்டு அலுவலகங்கள் இரண்டு திசைகளில் இருக்க, இரண்டுக்கும் பொதுவான புள்ளி ஒன்று அமைவது அரிது. வீட்டை விற்பதற்கு முன், இருவரில் ஒருவரது வேலையிடத்தையாவது மாற்ற இயலுமா என்று பார்ப்பது செலவு குறைந்த வழி.

கேள்வி: புறநகர் என்றாலே வசதியானவர்கள் வாழும் இடம் என்பது சரியா? அது மக்களின் விருப்பத்தால் மட்டும் உருவானதா?
— கட்டட வரைவாளர் ஒருவர்

பதில்: இரண்டுக்கும் இல்லை என்பதே விடை. லண்டனில் 1863-இல் உலகின் முதல் சுரங்க ரயிலைத் தொடங்கிய நிறுவனம், முதல் உலகப் போருக்குப் பின் தன் தடத்தை ஒட்டிய நிலங்களில் குடியிருப்புகளை உருவாக்கி விற்றது. ரயில் வீடுகளை விற்றது, வீடுகள் பயணச்சீட்டை விற்றன. அமெரிக்காவில் அரசின் கை இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. 1934-இல் அமைக்கப்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக்கடன்களுக்கு உறுதி அளித்தது. 1944-இன் சட்டம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குக் கடன் வசதி செய்தது. 1956-இன் சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு வழிவகுத்தது. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் 1947-இல் தொடங்கிய லெவிட்டவுன் குடியிருப்பில் சில ஆண்டுகளில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் ஒரே அச்சில் எழுந்தன. அந்த வீடுகளில் வெள்ளையர் அல்லாதோர் குடியிருக்கக் கூடாது என்று தொடக்க கால ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குக் கடன் உறுதி மறுக்கப்பட்டது. வீடு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1968-இல்தான் வந்தது. புல்வெளி வீட்டுக்கு ஆசைப்பட்டவர்கள் எல்லா நிறத்திலும் இருந்தார்கள். அந்த ஆசை நிறைவேறுமா என்பதை முடிவு செய்தது கடன் அலுவலகம்.

பாரிஸைச் சுற்றிப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. அங்கே நடுநகரம் செல்வர்களுடையது; இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த பெரும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், நகரத்துக்கு வெளியே, தொழிலாளரும் குடியேறிகளும் வாழ்கிறார்கள். பெரு நாட்டின் லிமா நகரத்தை ஆராய்ந்த கட்டடக் கலைஞர் ஜான் டர்னர் மூன்றாவது ஒரு வடிவத்தைக் கண்டார். புதிதாக வருகிறவர் முதலில் வேலைகளுக்கு அருகே, நடுநகரத்தின் நெருக்கமான வாடகை அறைகளில் தங்குகிறார். நாட்கூலிக்கு விடியற்காலையில் நிற்க வேண்டியவருக்குத் தொலைவு கட்டாது. வேலை ஓரளவு நிலைத்துக் குடும்பமும் வந்துசேர்ந்த பிறகு, நகரத்தின் விளிம்பில் நிலத்தைப் பிடித்துச் சிறிது சிறிதாகத் தாமே வீடு கட்டிக்கொள்கிறார். அவருக்குப் புறநகர் என்பது வாடகையிலிருந்து விடுதலை.

கேள்வி: எங்கள் ஊரை விட்டு யாரும் பெரிதாக வெளியேறவில்லை, வெளியிலிருந்து யாரும் வந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் கணக்கெடுப்பில் எங்கள் கிராமம் நகரம் ஆகிவிட்டது. இது எப்படி?
— ஊராட்சி உறுப்பினர் ஒருவர்

பதில்: இந்தியக் கணக்கெடுப்பில் ஓர் ஊரின் மக்கள்தொகை 5,000-க்குக் குறையாமலும், ஆண் தொழிலாளர்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் வேளாண்மை அல்லாத தொழிலிலும், அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 400-க்குக் குறையாமலும் இருந்தால், நகராட்சி இல்லாவிட்டாலும் அது கணக்கெடுப்பு நகரமாகக் கொள்ளப்படும். நாட்டில் இத்தகைய ஊர்கள் 2001-இல் 1,362 இருந்தன. 2011-இல் 3,894 ஆயின. பிள்ளைகள் பிறந்து, வயலை விட்டவர்கள் கடையும் பட்டறையும் வைத்துக்கொண்டாலே போதும், யாரும் பெட்டி கட்டாமலே ஊர் கிராமம் என்ற கோட்டைத் தாண்டி நகரத்தின் பக்கம் போய்விடும். ஜப்பானில் ஒரு நகராட்சி மாநகர் என்ற தகுதி பெற 50,000 பேர் தேவை. டென்மார்க்கில் 200 பேர் சேர்ந்து வாழ்ந்தால் நகர்ப்பகுதி. 2018-இன் ஐக்கிய நாடுகள் மதிப்பீடு உலக மக்களில் 55 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்கிறார்கள் என்று சொன்னபோது, ஒவ்வொரு நாட்டின் எல்லைக்கோடும் வேறுவேறு என்பதை நினைவில் வைத்தே அதைப் படிக்க வேண்டும். உங்கள் ஊருக்கு இதனால் உடனடியாக வடிகாலோ தெருவிளக்கோ வரப்போவதில்லை. நிர்வாகம் ஊராட்சியாகவே நீடிக்கும்.

கேள்வி: வீட்டிலிருந்தே வேலை செய்யும் வசதி வந்த பிறகு நகரங்கள் தேய்ந்து கிராமங்கள் தழைக்கும் என்று 2020-இல் பலரும் எழுதினார்கள். அது நடந்ததா?
— மென்பொருள் பணியாளர் ஒருவர்

பதில்: எழுதியவர்கள் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. அர்ஜுன் ரமணி, நிக்கோலஸ் புளூம் ஆகிய இருவரும் அமெரிக்க அஞ்சல் துறையின் முகவரி மாற்றத் தரவுகளைக் கொண்டு பார்த்தபோது, பெருநகரங்களின் நெரிசலான நடுப்பகுதியை விட்டவர்கள் பெரும்பாலும் அதே பெருநகரத்தின் புறநகர்களுக்கே சென்றிருந்தார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அலுவலகம் போக வேண்டியவர் இன்னும் சற்றுத் தொலைவு விலகலாம், அவ்வளவே. அறவே விட்டுப் போக முடியாது.

கிராமம் நோக்கிய திருப்பம் இதற்கு முன்பும் பேசப்பட்டதுண்டு. 1970-களில் அமெரிக்காவின் பெருநகர் சாரா மாவட்டங்கள் பெருநகர் மாவட்டங்களைவிட வேகமாக வளர்வதைக் கால்வின் பீல் கவனித்துச் சொன்னார். நீண்ட காலம் ஒரே திசையில் ஓடிய ஆறு திரும்பிவிட்டது என்று அறிஞர்கள் திகைத்தார்கள். தொழிற்சாலைகள் மலிவான நிலம் தேடி நகர்ந்தது, ஓய்வூதியம் பெற்றவர்கள் ஏரிக்கரைகளுக்கும் மலையடிவாரங்களுக்கும் குடியேறியது, நெடுஞ்சாலை தொலைவைச் சுருக்கியது எல்லாம் சேர்ந்து நிகழ்ந்த மாற்றம் அது. 1980-களில் பண்ணைத் தொழிலும் கிராமத் தொழிற்சாலைகளும் நொடித்தபோது ஆறு மீண்டும் பழைய திசையில் ஓடிற்று. கிராமத்துக்குத் திரும்பியவர்களில் உழவுக்குப் போனவர்கள் சிலரே என்பதையும் கவனிக்க வேண்டும். வரும்படி வேறிடத்திலிருந்து வந்தவரைதான் அவர்களுக்குப் பசுமை கட்டுப்படியானது.

கேள்வி: கிராமத்தில் தூய காற்றும் உறவும் இருக்கின்றன. நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரிவதில்லை. ஆயினும் நகரத்தில் மிகத் துன்பப்படும் ஏழைகளும் திரும்பிப் போக விரும்பாதது எனக்குப் புரியவில்லை.
— ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: பக்கத்து வீட்டுக்காரருக்குத் தம் பெயர் தெரியாமல் இருப்பதற்காகவே நகரத்துக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள், ஐயா. கிராமத்தில் பெயர் தெரிந்தால் தந்தை பெயர் தெரியும். அது தெரிந்தால் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் இறைக்கலாம் என்பதும் தீர்ந்துவிடும். இடைக்கால ஜெர்மானிய நகரங்கள் பலவற்றில், ஒரு பண்ணையடிமை தப்பி வந்து ஓர் ஆண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் வாழ்ந்துவிட்டால், அவரை மீட்டுக்கொள்ளும் உரிமையை ஆண்டை இழந்தார். கிராமத்தைக் குடியரசின் அடித்தளமாக்க வேண்டும் என்று பலர் விரும்பிய காலத்தில், அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, கிராமம் குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் என்ற பொருள்படக் கடுமையாகப் பேசினார். நிலமும் மதிப்பும் உடையவரின் நினைவில் இருக்கும் கிராமமும், இரண்டும் இல்லாதவரின் நினைவில் இருக்கும் கிராமமும் ஒரே வரைபடத்தில் ஒரே புள்ளியில் இருந்தாலும் வேறுவேறு ஊர்கள். தனியே வாழும் பெண்கள், விருப்பத் திருமணம் செய்துகொண்டவர்கள், குலத்தொழிலை விட்டவர்கள் ஆகியோரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

நகரம் இந்தப் பிடியிலிருந்து முற்றாக விடுவிக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். வாடகை வீடு தேடும்போது குலம் கேட்கப்படுகிறது. முதல் வேலையும் முதல் தங்குமிடமும் பெரும்பாலும் ஊர்க்காரர் வழியாகவே அமைகின்றன. கைவன் முன்ஷியும் ரோசன்ஸ்வைக்கும் 2016-இல் எழுதிய ஆய்வு இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது. இந்தியக் கிராமங்களில் கடனுக்கும் ஆபத்துக்கும் சொந்த சாதியின் கைமாற்றுகளே துணையாக இருப்பதால், ஆண்கள் நிலையாக வெளியேறினால் அந்தத் துணை தளர்ந்துவிடுமோ என்ற அச்சம் பலரை ஊரிலேயே நிறுத்தி வைக்கிறது. பிடித்து வைப்பதும் தாங்கிப் பிடிப்பதும் ஒரே கைதான் என்பது இதிலுள்ள சிக்கல்.

கேள்வி: அரசு நினைத்தால் இந்த ஓட்டத்தைத் தடுக்க முடியாதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தடுக்க முயன்ற நாடுகளில் சீனா முதன்மையானது. 1958-இல் வந்த குடும்பப் பதிவு முறை ஒவ்வொருவரையும் ஓர் ஊரோடு பிணைத்தது; உணவுப் பங்கீடும் வேலையும் அந்தப் பதிவோடு கட்டப்பட்டிருந்தவரை அது வேலை செய்தது. 1980-களில் பொருளாதாரம் திறந்தபின் ஆட்கள் நகரங்களுக்குப் பெருகி வந்தார்கள். பதிவு மட்டும் கிராமத்திலேயே கிடந்தது. 2020-இன் கணக்கெடுப்பில் இப்படிப் பதிவான ஊரை விட்டு வேறிடத்தில் வாழ்வோர் ஏறத்தாழ 37.6 கோடிப் பேர். பெருநகரப் பொதுப்பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்ப்பது கடினமாக இருந்ததால், பெற்றோர் நகரத்திலும் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடமுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. ஆட்கள் வருவதைத் தடை நிறுத்தவில்லை. அவர்கள் குடும்பத்தோடு வாழ்வதைத்தான் நிறுத்திற்று.

ஜப்பான் எதிர்வழியில் முயல்கிறது. டோக்கியோவை விட்டு வெளியூர் செல்லும் குடும்பங்களுக்கு உதவித்தொகை தருகிறது. 2023-இல் அதைக் குழந்தை ஒன்றுக்குப் பத்து லட்சம் யென் வரை உயர்த்தியது. அதே ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடெங்கும் 90 லட்சம் வீடுகள் ஆளின்றி இருந்தன. ஆனாலும் டோக்கியோவுக்கு வருகிறவர்களே வெளியேறுகிறவர்களைவிட அதிகம்.

கேள்வி: வெயிலும் வறட்சியும் மிகுந்து கொண்டே போவதால் ஏழை நாட்டு மக்கள் அனைவரும் கிளம்பிவிடுவார்கள் என்கிறார்களே?
— இயற்கை ஆர்வலர் ஒருவர்

பதில்: கிளம்புவதற்கும் பணம் வேண்டும். கிறிஸ்டினா கட்டானியோ, ஜியோவானி பெரி இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பம் உயர்ந்தபோது நடுத்தர வருமான நாடுகளில் கிராமத்தை விட்டு நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் செல்வோர் கூடினார்கள். மிக ஏழை நாடுகளிலோ குறைந்தார்கள். விளைச்சல் பொய்த்ததில் வழிச்செலவுக்கான பணமும் சேர்ந்து போயிற்று. சாலையில் மூட்டையோடு நடப்பவர் படத்தில் தெரிகிறார். நடக்கவும் வழியில்லாமல் இருந்துவிட்டவரைப் படம் பிடிக்க யாரும் போவதில்லை.

கேள்வி: எனக்கு ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. நகரத்து வீட்டை விற்றுவிட்டுக் கிராமத்தில் குடியேற எண்ணுகிறேன். மனைவிக்கு அரை மனதுதான். தங்கள் கருத்து என்ன?
— வங்கி ஊழியர் ஒருவர்

பதில்: யூஜின் லிட்வாக், சார்லஸ் லாங்கினோ என்ற இரு சமூகவியலாளர்கள் 1987-இல் முதியோரின் இடப்பெயர்வை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். ஓய்வு பெற்றவுடன், உடல் நலத்தோடும் துணையோடும் இருப்பவர் இனிமையான இடம் தேடிப் போவது முதற்கட்டம். அன்றாட வேலைகள் சிரமமாகும்போது, குறிப்பாகத் துணையை இழந்தபின், பிள்ளைகளுக்கு அருகே வருவது இரண்டாம் கட்டம். பிள்ளைகளாலும் பார்த்துக்கொள்ள இயலாத நிலையில் பராமரிப்பு இல்லத்துக்குச் செல்வது மூன்றாவது. எல்லாரும் மூன்றையும் கடப்பதில்லை. ஆனால் முதற்கட்டத்தில் எடுக்கும் முடிவு, இரண்டாம் கட்டம் வரவே வராது என்பது போல எடுக்கப்படுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நகரத்தில் வீட்டை விற்றவர் பத்தாண்டு கழித்துத் திரும்ப நேர்ந்தால், அதே பணத்துக்கு அதே பகுதியில் வீடு கிடைப்பது அரிது. விலையேற்றம் பெரும்பாலும் நகரத்தின் பக்கமே விரைவாக இருக்கும்.

ஆகவே விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள். கிராமத்திலும் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, கோடையும் மழையும் அடங்கிய ஒரு முழு ஆண்டு இருந்து பாருங்கள். இரவில் நெஞ்சுவலி வந்தால் எவ்வளவு நேரத்தில் மருத்துவரைச் சேரலாம் என்பதைப் பகலில் ஒருமுறை போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். வண்டி ஓட்ட முடியாத வயதில் கடைக்கும் வங்கிக்கும் எப்படிப் போவது என்பதும் இப்போதே கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் துணைவியாரின் அரை மனதை அச்சமென்று கருதி ஆறுதல் சொல்ல முற்படாமல், அவர் எதை இழப்பதாக எண்ணுகிறார் என்று கேளுங்கள். அலுவலகத்தை விட்டு வருகிற உங்களுக்குக் கிராமத்தில் ஓய்வு காத்திருக்கிறது. பல்லாண்டுகளாக அவர் சேர்த்துவைத்த தோழியர் வட்டமும், பழகிய மருத்துவரும், கூப்பிட்டால் வரும் உதவியாளும் அவருக்கு அங்கே காத்திருக்க மாட்டார்கள். எழுபதைக் கடந்தபின் அந்த வீட்டில் தனியாக இருக்கப்போகிறவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். பெண்களின் ஆயுள் ஆண்களினுடையதைவிட நீளம், பல திருமணங்களில் அவர்கள் வயதும் குறைவு. எனவே ஓராண்டு வாடகைச் சோதனை முடிந்ததும், இறுதி முடிவை அவரிடமே விடுங்கள்.